கேமிங் பிசியை எப்போது மாற்றுவது? கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு

கேள்வி, 2025 நவம்பர் 8

"என்னிடம் இருப்பது ரைசன் 5 2600, பி450 மதர்போர்டு, ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி. ராம் 8 ஜிபி, ஒரே ஸ்டிக். விண்டோஸ் மட்டும் சின்ன எஸ்எஸ்டியில், கேம் எல்லாம் ஹார்ட் டிஸ்கில். 1080பி மானிட்டர். ஐந்து வருஷம் தாண்டிய பிசியில் காசு போடுவது வீண், மொத்தமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். மொத்தமாக வாங்கும் அளவுக்குப் பணம் சேர இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். அதுவரை காத்திருப்பதா, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுவதா?"

நவம்பர் 8, இரவு

முதலில் அந்த ஐந்து வருஷக் கணக்கை ஓரமாக வையுங்கள். உங்கள் கேபினட்டுக்குள் இருப்பதெல்லாம் ஒரே வயது இல்லை. 1060 வந்தது 2016இல். 2600 வந்தது 2018இல். உங்கள் போர்டின் ஏஎம்4 சாக்கெட்டில் (ப்ராசசர் உட்காரும் இடத்தின் வகை) பொருந்தும் ப்ராசசர்கள் 2024இலும் புதிதாக வந்தன. ஒன்று பழசாகிவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்வதில் அர்த்தமில்லை.

நான் பார்க்கும் விதம் இது. பாகங்களை இரண்டாகப் பிரியுங்கள். அடுத்த பிசிக்கும் கூடவே வரப்போகிறவை ஒரு பக்கம்: மானிட்டர், எஸ்எஸ்டி, நல்ல எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), கேபினட், கிராஃபிக்ஸ் கார்டு. இந்த மெஷினோடு முடிந்துபோகிறவை இன்னொரு பக்கம்: மதர்போர்டு, ப்ராசசர், டிடிஆர்4 ராம் (உங்கள் போர்டு ஏற்கும் ராம் வகை). முதல் பக்கத்தில் போடும் காசு வீணாகாது, அதை இன்றே போட்டாலும் சரி. இரண்டாம் பக்கத்தில் போடும்போதுதான் யோசிக்க வேண்டும். "எப்போது" என்ற கேள்விக்கு முக்கால்வாசி விடை இந்தப் பிரிவிலேயே இருக்கிறது.

மீதிக் கால்வாசிக்கு நீங்கள்தான் தகவல் தர வேண்டும். எந்த கேம்? அதில் என்ன ஆகிறது? ஆரம்பம் முதல் கடைசி வரை மெதுவாகவே ஓடுகிறதா, நன்றாக ஓடிக்கொண்டிருந்து திடீரென்று திக்குகிறதா, இல்லை திறக்கவே மறுக்கிறதா? இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நவம்பர் 9

அளப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டால் அதோடு ரிவாட்யூனரும் வரும். திரையின் மூலையில் இவற்றைக் காட்டச் சொல்லுங்கள்: கார்டு பயன்பாடு, கார்டின் மெமரி, ராம் பயன்பாடு, ப்ராசசரின் ஒவ்வொரு கோரும் தனித்தனியாக, வெப்பநிலை, ஃப்ரேம் டைம் (ஒரு ஃப்ரேமை வரைய ஆகும் நேரம்) வரைபடம்.

கோர்களைத் தனித்தனியாகப் பார்ப்பது ரொம்ப முக்கியம். மொத்தப் பயன்பாடு 35 சதவீதம் என்று காட்டும், ப்ராசசர் ஓய்வாக இருக்கிறது என்று நினைப்போம். ஆனால் ஒரு கோர் மட்டும் உச்சத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். கேம் அந்த ஒரு கோருக்காகத்தான் காத்திருக்கும்.

கார்டு எப்போதும் 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கார்டுதான் எல்லை. அது 60, 70 என்று இறங்கும் நேரத்தில் எஃப்பிஎஸ்ஸும் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) விழுந்தால் பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரே இடத்தில் நின்றுகொண்டு ரெசல்யூஷனை 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் கார்டு. அப்படியே நின்றால் ப்ராசசர் அல்லது ராம். காசு செலவில்லாத சோதனை இது, இதைச் செய்யாமல் யாரும் எதையும் வாங்கக் கூடாது என்பேன்.

நவம்பர் 9, கொஞ்ச நேரம் கழித்து

சொல்ல விட்டுப்போனது. மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்று பின்னால் போய்ப் பாருங்கள். உங்கள் 2600இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது, அதனால் தப்பாகச் செருகினால் படமே வராது. ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இது நடக்கும். என் அக்கா மகன் "கார்டு செத்துவிட்டது மாமா, புதுசு வேண்டும்" என்று கூப்பிட்டான். போய்ப் பார்த்தால் கார்டின் டிஸ்ப்ளேபோர்ட் வாய்களில் பிளாஸ்டிக் மூடிகூடக் கழற்றப்படவில்லை. கேபிள் மேலே மதர்போர்டில் தொங்கியது.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவர்கள் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நவம்பர் 12

விவரம் வந்துவிட்டது, நன்றி. பெரிய ஓப்பன் வேர்ல்டு கேம். ஊருக்கு வெளியில் 50 எஃப்பிஎஸ் சொச்சம், ஊருக்குள் நுழைந்தால் அப்படியே உறைந்து நிற்கிறது. அந்த நேரத்தில் கார்டு பயன்பாடு விழுகிறது, ராம் முழுக்க நிரம்பி இருக்கிறது, ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் கிடக்கிறது.

அப்படியென்றால் உங்களைத் திக்க வைப்பது 1060 இல்லை. ராம் போதாமல் விண்டோஸ் டிஸ்கில் எழுதிப் படித்துக்கொண்டிருக்கிறது, கேமும் அதே நேரத்தில் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஊரை இழுத்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் எவ்வளவு பெரிய கார்டு போட்டாலும் ஊருக்குள் நுழைந்தால் உறையத்தான் செய்யும். நண்பர்கள் பேச்சைக் கேட்டு கார்டு மட்டும் வாங்கியிருந்தால் மனசு உடைந்திருக்கும்.

இன்னொரு 8 ஜிபி ஸ்டிக் போடுங்கள். டிடிஆர்4 முடிந்துபோகும் பக்கத்தில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், இருக்கிறது. ஆனால் சின்னச் செலவு, பலன் மிகப் பெரியது, பழைய ஸ்டிக்காகக்கூட வாங்கலாம். ராம் எளிதில் கெட்டுப்போகும் பாகமில்லை. வாங்கியதும் மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்த்துவிட்டால் போதும்.

ஒரே ஸ்டிக் என்றால் ப்ராசசருக்கு ராமோடு பேச ஒரு வழிதான். இரண்டு ஸ்டிக் என்றால் இரு வழி. ரைசன்களுக்கு இது நன்றாகவே தெரியும் வித்தியாசம். நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் பொதுவாகப் பயன்படுத்த வேண்டியவை. போர்டின் கையேட்டில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அழுத்தும்போது பயம் வேண்டாம். ஸ்லாட்டின் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் பூட்டு தானாக நிமிர்ந்து 'டக்' என்று பிடிக்கும் வரை அழுத்த வேண்டும். பல போர்டுகளில் ஒரு முனையில் மட்டும்தான் பூட்டு இருக்கும். மற்ற முனை சரியாக இறங்காமல் நின்றுவிட்டு, "புது ராம் வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி, அதாவது ராமை அட்டையில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு. 3200 என்று அட்டையில் போட்டிருந்தாலும், அதை இயக்காத வரை ராம் 2133, 2400, 2666 என்று அடிப்படை வேகத்தில்தான் ஓடும். உங்கள் 2600க்கு அதிகாரபூர்வ உச்சம் 2933. 3200இல் பூட் ஆகத் தகராறு செய்தால் 2933இல் வையுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது.

நவம்பர் 15

எஸ்எஸ்டி. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது, இன்றே வாங்குங்கள். அடுத்த பிசிக்கும் கூடவே வரும்.

வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வேண்டுமா, பழைய சாட்டா வகை போதுமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஹார்ட் டிஸ்க் தொடர்ச்சியாகப் படித்தால் நொடிக்கு 150 எம்பி சொச்சம். சாட்டா எஸ்எஸ்டி 550 சொச்சம். மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500 வரை. எண்களைப் பார்த்தால் மூன்றாவதுதான் எங்கேயோ இருக்கிறது. விளையாடும்போது அப்படித் தெரியாது. கேம் கேட்பது ஒரு பெரிய கோப்பை அல்ல, எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் ஆயிரம் துண்டுகளை. ஹார்ட் டிஸ்கில் ஒவ்வொரு துண்டுக்கும் ஊசி நகர வேண்டும், வட்டு சுற்றி வர வேண்டும். எஸ்எஸ்டியில் நகர எதுவும் இல்லை. பெரிய தாவல் ஹார்ட் டிஸ்கிலிருந்து ஏதாவது ஒரு எஸ்எஸ்டிக்குப் போவதில்தான் இருக்கிறது. உங்கள் போர்டில் எம்.2 ஸ்லாட் (என்விஎம்இ செருகும் இடம்) இருக்கும், அதனால் மூன்றாம் தலைமுறை என்விஎம்இ எடுங்கள். நான்காம், ஐந்தாம் தலைமுறைக்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். பி450 மூன்றாம் தலைமுறை வேகத்தைத்தான் தரும்.

இது இனி சொகுசும் இல்லை. 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்ட் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி கட்டாயம் என்று போட்டது. சைபர்பங்க் 2077 அதே வருஷம் 2.0 அப்டேட்டோடு தன் குறைந்தபட்சத் தேவையை எஸ்எஸ்டிக்கு மாற்றியது.

நவம்பர் 16

"15 எஃப்பிஎஸ் கூடுவதற்காக இவ்வளவு செலவா?" என்று ஒரு கேள்வி. எந்த 15 என்பதைப் பொறுத்தது.

30இல் ஒரு ஃப்ரேமுக்கு 33.3 மில்லி செகண்டு. 45இல் 22.2. பதினொரு மில்லி செகண்டு மிச்சம், கையில் உடனே தெரியும், கன்ட்ரோலைத் தொட்டவர் யாரும் சொல்லிவிடுவார். 120இல் 8.3, 135இல் 7.4. ஒரு மில்லி செகண்டுகூட இல்லை. அதே 15தான். பட்ஜெட்டில் இருப்பவர் அடியில் இருக்கும் எண்ணைத் தூக்கக் காசு போட வேண்டும், மேலே இருப்பதை அல்ல. ஆகவே சராசரியைப் பார்க்காதீர்கள், ஒரு சதவீத லோ (மிக மோசமான ஒரு சதவீத ஃப்ரேம்களின் எஃப்பிஎஸ்) என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். சராசரி 70, லோ 22 என்றால் நீங்கள் அனுபவிப்பது அந்த 22ஐத்தான்.

நவம்பர் 16, தொடர்ச்சி

இதோடு சேர்ந்தது: உங்கள் மானிட்டரில் ஃப்ரீசிங்க் (எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்ப மானிட்டரின் வேகம் மாறும் வசதி) இருக்கிறதா? 2019 ஜனவரியிலிருந்து ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதை ஏற்கிறது, டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வழியாக. எச்டிஎம்ஐயில் செருகி வைத்துவிட்டு அந்த வசதி இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் நிறையப் பேர். 50க்கும் 60க்கும் நடுவில் எஃப்பிஎஸ் ஆடிக்கொண்டிருக்கும்போது படம் கிழியாமல், இடறாமல் இருக்கும். ஒரு கேபிளில் முடிகிற வேலை.

நவம்பர் 22

ராமும் எஸ்எஸ்டியும் போட்டாயிற்று, ஊருக்குள் உறைவது நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். அடுத்த கேள்வியும் நியாயமானது: 1060ஐ இன்னும் எத்தனை நாள் இழுப்பது?

முதல் நாள் வருஷக் கணக்கை ஓரமாக வைக்கச் சொன்னேன். கார்டு விஷயத்தில் அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. வயது கணக்கில்லைதான், ஆனால் தலைமுறைக்கு ஒரு எல்லைக்கோடு உண்டு. வேகம் குறைந்தால் செட்டிங்கை இறக்கிச் சமாளிக்கலாம். சிப்பில் அந்த வசதியே இல்லையென்றால் இறக்குவதற்கு எதுவும் இல்லை.

2023 அக்டோபரில் ஆலன் வேக் 2 வந்தது. அது மெஷ் ஷேடர் என்ற கார்டு வசதியை நம்பி எழுதப்பட்டது, ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் அது கிடையாது. அந்தக் கார்டுகள் திணறின. பிறகு வந்த ஒரு அப்டேட்தான் ஓரளவு சரிசெய்தது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள், 2025 மேயில் வந்த டூம்: த டார்க் ஏஜஸ் இரண்டும் ரே ட்ரேசிங் (ஒளி பாயும் விதத்தைக் கணக்கிட்டுப் படம் வரைவது) வன்பொருள் இருந்தால்தான் ஓடும் என்று சொல்லிவிட்டன. அதை அணைக்க ஒரு பொத்தான்கூட இல்லை. 1080 டிஐ எவ்வளவு வலுவான கார்டு, 11 ஜிபி மெமரி! அதுவும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

என்விடியாவும் 10 வரிசைக்கான வழக்கமான கேம் டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். நாளைக்கே 1060 ஓடாமல் போகாது. ஆனால் புது கேம் ஒன்றில் கோளாறு வந்தால் அதற்காக டிரைவர் வரும் என்று இனி எதிர்பார்க்க முடியாது.

ஆகவே உங்கள் ஆசைப் பட்டியலைப் பாருங்கள். அடுத்த ஒரு வருஷத்துக்கு விளையாட நினைப்பதெல்லாம் பழைய கேம்களும் போட்டி கேம்களும் என்றால் 1060ஐத் தொட வேண்டாம். ரே ட்ரேசிங் கட்டாயமான ஒரு கேமாவது நீங்கள் உண்மையிலேயே ஆசைப்படும் கேமாக இருந்தால், கார்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

நவம்பர் 22, இரவு

இந்தக் கோடுகள் ஏன் இப்போது வருகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்தது எப்போது வரும் என்று ஊகிக்க உதவும்.

என்னிடம் நான்காம் தலைமுறை ஐ5 ரொம்ப காலம் இருந்தது. நான்கு கோர், 2014 சிப். அது அவ்வளவு வருஷம் தாக்குப்பிடித்ததற்குச் சிப்பின் பெருமை பாதிதான் காரணம். 2013இல் வந்த பிளேஸ்டேஷன் 4இன் ப்ராசசர் எட்டு ஜாகுவார் கோர்கள், 1.6 கிகாஹெர்ட்ஸ். மிக மெல்லியது. பெரிய கேம்கள் எல்லாம் அதிலும் ஓட வேண்டும் என்று எழுதப்பட்டதால் என் ஐ5க்கு வேலை குறைவாக இருந்தது. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5 வந்தது: எட்டு ஜென் 2 கோர்கள், 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை, ரே ட்ரேசிங், எஸ்எஸ்டி. அதற்குப் பிறகும் ஓரிரு வருஷம் கேம்கள் இரண்டு கன்சோலுக்கும் சேர்த்தே வந்துகொண்டிருந்தன. 2022, 2023 வாக்கில் பழையதை விட்டார்கள். சரியாக அப்போதுதான் என் ஐ5 கூட்டமான இடங்களில் விழ ஆரம்பித்தது. மெஷினில் எதுவும் மாறவில்லை, கேம்கள்தான் மாறின.

எனவே பட்ஜெட்காரர்கள் கார்டு வெளியீட்டு விழாக்களைவிடக் கன்சோல் தலைமுறையைக் கவனிப்பது நல்லது. புது கன்சோல் வந்த கையோடு அவசரப்பட வேண்டாம். பழைய கன்சோலை டெவலப்பர்கள் கைவிடும் நேரம்தான் நம் நேரம்.

நவம்பர் 23

எந்தக் கார்டு? உங்கள் போர்டில் கார்டு செருகும் வழி பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. இதைப் பலரும் பார்ப்பதில்லை. விலை குறைந்த கார்டுகளில் பல, அந்த வழியின் 16 பாதைகளையும் பயன்படுத்துவதில்லை. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே பாதை, மெமரியும் 4 ஜிபி. 4.0 போர்டில் அது ஒரு மாதிரி, 3.0 போர்டில் வேறு மாதிரி. மெமரி நிரம்பி வழியும்போது அந்த ஒடுங்கிய வழியில்தான் எல்லாம் போய் வர வேண்டும். அது உங்களுக்கு வேண்டாம். ஆர்எக்ஸ் 6600 எட்டுப் பாதை, 8 ஜிபி, 132 வாட். பெரும்பாலான கேம்களில் 3.0இலும் நன்றாகவே ஓடும். ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி பதினாறு பாதையும் பயன்படுத்தும், 170 வாட். பழைய போர்டுக்கு ஏற்ற கார்டு என்று எனக்குப் பட்டது இதுதான், அதுவும் செகண்ட் ஹேண்டில்.

இன்னொரு காரணமும் உண்டு. டிஎல்எஸ்எஸ், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்த படத்தைப் பெரிதாக்கும் என்விடியாவின் ஏஐ வசதி. 2025 ஜனவரியில் வந்த புது டிரான்ஸ்ஃபார்மர் மாடல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசை வரை எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளுக்கும் கிடைத்தது, காசு இல்லாமல் படம் மேம்பட்டது. 1080பியில் குவாலிட்டி என்று வைத்தால் உள்ளே கேம் 720பியில்தான் வரையப்படுகிறது; அவ்வளவு குறைந்த பிக்சலிலிருந்து நல்ல படம் எடுப்பதில்தான் வித்தியாசம் தெரியும். உங்கள் 1060இல் எஃப்எஸ்ஆர் (அதே வேலைக்கான ஏஎம்டியின் வசதி) ஓடும், ஓட்டியும் பார்த்திருப்பீர்கள். 1080பியில் அது தூரத்து இலைகளையும் கம்பி வேலிகளையும் மங்கலாக்கும்.

புதுசுதான் வேண்டும் என்பவர்களுக்கு 2025 ஜூனில் வந்த ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி. பதினாறு பாதையும் உண்டு, அடுத்த பிசிக்கும் தாராளமாகப் போகும்.

இன்டெல் ஆர்க் பி580 பற்றிக் கேட்டவருக்கு: நல்ல கார்டு, 12 ஜிபி. ஆனால் ரீசைசபிள் பார் (ப்ராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே மூச்சில் அணுகும் வசதி) இல்லாமல் அதை ஓட்டவே கூடாது. பழைய, மெதுவான ப்ராசசரோடு சேர்ந்தால் கணிசமாகப் பின்தங்குகிறது. 2600 வைத்திருப்பவர் அதன் பக்கம் போக வேண்டாம்.

நவம்பர் 30

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பெயரை நம்பாதீர்கள், அட்டை விவரத்தைப் பாருங்கள். 1060 3 ஜிபியில் மெமரி மட்டும் குறைவில்லை, கோர்களும் 1280க்குப் பதில் 1152தான். ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் 2304க்குப் பதில் 2048 ஷேடர்களோடு ஒன்று சுற்றுகிறது. ஆர்டிஎக்ஸ் 3060இல் 8 ஜிபி வகை ஒன்று உண்டு, மெமரி வழி 192 பிட்டுக்குப் பதில் 128 பிட். பேசும்போது "3060" என்றுதான் சொல்வார்கள், 12 ஜிபிதானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருள் எல்லாவற்றையும் காட்டும்; பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி விற்கும் போலிகளையும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

எத்தீரியம் மைனிங் (கார்டுகளை ஓட்டி கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) 2022 செப்டம்பர் 15ஆம் தேதி கார்டுகளை விட்டுப் போனது. அதற்குப் பின் சந்தைக்கு வந்த 30 வரிசைக் கார்டுகளில் மைனிங்கில் உழைத்தவை நிறைய. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், தேய்வது ஃபேன் பேரிங். கார்டைக் காதருகே வைத்து ஃபேனை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இருக்கக் கூடாது, பக்கவாட்டில் ஆடவும் கூடாது. அப்புறம் கனமான ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பணம் தராதீர்கள். முதல் ஐந்து நிமிஷத்தில் எந்தக் கார்டும் நல்ல கார்டுதான்.

டிசம்பர் 5

ராம் பற்றி அவசரமாக ஒன்று.

நவம்பர் 12இல் "சின்னச் செலவு" என்று எழுதினேன். இதை இப்போது படிப்பவர்களுக்கு அது பொருந்தாமல் போய்க்கொண்டிருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரி ஆலைகள் தங்கள் உற்பத்தியைத் திருப்பிவிட்டதில் ராம் விலை மாதாமாதம் ஏறுகிறது, எஸ்எஸ்டியும் பின்னாலேயே போகிறது. மைக்ரான் தன் க்ரூஷியல் நுகர்வோர் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக இந்த வாரம் அறிவித்துவிட்டது.

இது நம் கணக்கை எப்படி மாற்றுகிறது? "நேராக ஏஎம்5க்குப் போய்விடலாமே" என்று சிலர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏஎம்5 (ஏஎம்4க்கு அடுத்த சாக்கெட்) என்றால் டிடிஆர்5 ராம் மட்டும்தான். மதர்போர்டு, ப்ராசசரோடு இப்போது மிக அதிகமாக ஏறியிருக்கும் பாகத்தையும் சேர்த்து வாங்க வேண்டும். கையில் ஓடும் டிடிஆர்4 16 ஜிபி இருப்பவர் அதை வைத்துக்கொண்டு ஏஎம்4இலேயே ஒரு படி மேலே போவதுதான் இந்தச் சூழலில் சரி. முதல் நாள் "முடிந்துபோகும் பக்கம்" என்று ஒதுக்கிய டிடிஆர்4க்கு இப்போது மதிப்புக் கூடிவிட்டது. இன்டெல்காரர்களுக்கும் இது பொருந்தும்: எல்ஜிஏ1700 சாக்கெட்டில் டிடிஆர்4 ஏற்கும் போர்டுகள் உண்டு, பழைய ராமை அப்படியே கொண்டு போகலாம்.

விலை இறங்கும்வரை காத்திருப்பது தப்பா? 2021இல் கார்டு விலை உச்சத்தில் இருந்தபோது காத்திருந்தவர்கள் 2022 கடைசியில் நிம்மதியாக வாங்கினார்கள். இருக்கும் மெஷின் விளையாட விடுகிற வரை காத்திருப்பது நல்ல முடிவுதான். திக்கித் திணறி, விளையாடும் ஆசையே போய்விட்ட நிலையில் காத்திருப்பதை நான் சொல்ல மாட்டேன்.

டிசம்பர் 14

3060 12 ஜிபி கிடைத்துவிட்டது, வாழ்த்துகள். இப்போது 2600 பின்தங்குவது தெரிகிறது என்கிறீர்கள். கார்டு 70 சதவீதத்தில் நிற்கிறது, ஒரு கோர் உச்சத்தில். எதிர்பார்த்ததுதான். முட்டுக்கட்டை ஒழியாது, இடம் மாறும், அவ்வளவுதான்.

பி450க்கு ரைசன் 5 5600 அல்லது 5700எக்ஸ். 5700எக்ஸ்3டியோ 5800எக்ஸ்3டியோ நியாயமான விலையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். எக்ஸ்3டி வகையின் பெரிய கேஷ் (ப்ராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரி) நெரிசலான இடங்களில் விழும் எண்ணைத்தான் தூக்கிப் பிடிக்கிறது, சராசரியைவிட அதிகமாக.

வரிசை முக்கியம். பழைய 2600 உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்யுங்கள். புதுசைப் போட்டுவிட்டால் பழைய பயாஸ் அதை அடையாளம் காணாது, திரை இருட்டாகவே இருக்கும். மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.

அடுத்தது, கூலரை எடுக்கும் விதம். ஏஎம்4 ப்ராசசரில் பின்கள் சிப்பின் அடியில்தான் இருக்கின்றன, சாக்கெட் அதை லேசாகத்தான் பிடித்திருக்கும். வருஷக்கணக்கில் காய்ந்த தெர்மல் பேஸ்ட் அதைவிட இறுக்கமாகப் பிடித்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால், பூட்டிய சாக்கெட்டிலிருந்தே ப்ராசசர் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பின் வளைந்தால் கதை முடிந்தது. ஒரு கேமைக் கால் மணி நேரம் ஓட்டிச் சூடேற்றுங்கள். அணைத்து, மின் இணைப்பை எடுத்து, பேஸ்ட் இளகியிருக்கும்போதே ஸ்குரூக்களைத் தளர்த்துங்கள். கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள், தூக்க வேண்டாம். ஒரு கட்டத்தில் பிடி விட்டு வழுக்குவது கைக்குத் தெரியும். அதற்குப் பிறகு தூக்குங்கள்.

டிசம்பர் 14, பிற்பகல்

எஸ்எம்பிஎஸ் பற்றி இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை ஒருவர் சுட்டிக்காட்டினார். 1060 120 வாட், ஒரு ஆறு பின் இணைப்பு. 3060 170 வாட், பெரும்பாலும் எட்டுப் பின். நல்ல 550 வாட் போதும். தரம் தெரியாத பழைய 450 என்றால் மாற்றுங்கள். மோலெக்ஸ் என்ற பழைய வகை மின் இணைப்பிலிருந்து எட்டுப் பின்னாக மாற்றும் அடாப்டர் வைத்து ஒப்பேற்றாதீர்கள். இதில் மட்டும் செகண்ட் ஹேண்ட் வேண்டாம், மற்ற எல்லாப் பாகங்களின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

டிசம்பர் 21

விண்டோஸ் 10 ஆதரவு அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டதே, அதற்காக பிசியை மாற்ற வேண்டுமா என்று இரண்டு பேர். உங்கள் 2600 உட்பட ரைசன் 2000 வரிசையில் பெரும்பாலானவையும் இன்டெல் எட்டாம் தலைமுறையும் அதற்கு மேலும் விண்டோஸ் 11க்குத் தகுதியானவை. பயாஸில் எஃப்டிபிஎம் (ப்ராசசருக்குள் இருக்கும் பாதுகாப்பு வசதி) இயக்கினால் போதும். அதைவிடப் பழையவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரை உண்டு.

2026 ஜனவரி 4

புது 5600 போட்டதும் கறுப்புத் திரையில் "புதிய ப்ராசசர் பொருத்தப்பட்டுள்ளது, எஃப்டிபிஎம்மை ரீசெட் செய்யவா, ஒய் அல்லது என்" என்று கேட்கிறது, பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மெஷின் கெட்டுப்போகவில்லை. டிபிஎம் சாவிகள் பழைய ப்ராசசரோடு கட்டப்பட்டிருந்ததால் கேட்கிறது. டிரைவில் பிட்லாக்கர் (விண்டோஸின் டிரைவ் பூட்டு) போட்டிருக்கிறீர்களா என்பதுதான் முக்கியம். போட்டிருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் ரெகவரி கீயைப் போனில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு ஒய் அழுத்துங்கள். விண்டோஸ் ஒரு முறை அதைக் கேட்கும். போடவில்லை என்றால் நேராக ஒய். விண்டோஸ் 11 பல மெஷின்களில் அந்தப் பூட்டைத் தானாகவே இயக்கிவிடுகிறது, ஆகவே போடவில்லை என்று உறுதியாகத் தெரியாதவர்களும் முதலில் கணக்கில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

பூட் ஆனதும் பயாஸுக்குப் போய் எக்ஸ்எம்பி இன்னும் இயக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். ப்ராசசர் மாற்றும்போது அது பெரும்பாலும் பழைய நிலைக்குப் போய்விடும். 5600க்கு 3200 அதிகாரபூர்வ வேகம், இனி 2933இல் நிறுத்த வேண்டியதில்லை. அதே பக்கத்தில் ரீசைசபிள் பாரும் இருந்தால் இயக்கிவிடுங்கள், 3060 அதை ஏற்கும்.